பத்தும் இருநூற்றுப் பதினாறும்: பாப்பிட்டை வகுப்புக்குப் பழக்குவது

பாப்பிட் என்பது விரலால் அழுத்தினால் ‘டப்’ என்று குமிழ் உள்ளே போகும் சிலிகான் தட்டு. அதை வாங்கப் போகிறவர் கடையிலேயே நின்று குமிழை எண்ணிவிட வேண்டும். வானவில் நிறமா, டைனோசரா, யூனிகார்னா என்று பார்ப்பது பிள்ளைகள் வேலை. எண்ணையும் எழுத்தையும் சொல்லித் தர வகுப்புக்கு வாங்குகிறவருக்கு வரிசை எத்தனை, வரிசைக்குக் குமிழ் எத்தனை என்பதுதான் கணக்கு. உருவப் பொம்மைகளில் தலையில் மூன்று, வயிற்றில் ஐந்து, வாலில் இரண்டு என்று குமிழ் சிதறிக் கிடக்கும். நிறம் சொல்லித் தர அது உதவும், எண் சொல்லித் தர உதவாது. வட்டத் தட்டும் அப்படித்தான். சதுரம் அல்லது நீள்சதுரம் மட்டும் எடுங்கள்.

அதிகம் கிடைப்பது ஆறுக்கு ஆறு, 36 குமிழ் உள்ள சதுரத் தட்டு. ஒரு பக்கம் பன்னிரண்டு, பன்னிரண்டரை செ.மீ. இருக்கும். பத்துக்குப் பத்து, அதாவது நூறு குமிழ்த் தட்டு பெரிது, விலையும் கூட. அது வகுப்புக்கு இரண்டு போதும். 30 பிள்ளைகள் இருந்தால் சிறிய தட்டு 15 வாங்கி இருவருக்கு ஒன்று கொடுங்கள். தலைக்கு ஒன்று கொடுத்தால் பாடம் நடக்காது, பட்டாசுக் கடை நடக்கும். வேலூர் லாங் பஜாரிலும் சாரதி மாளிகைப் பக்கத்திலும் எண்ணிக்கையில் வாங்கினால் பேரம் படியும். குடியாத்தம் பக்கத்துக்காரர்களுக்கு வைகாசி முதல் நாள் வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கடைகள் உண்டு. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய சரியான நேரம் அது. ஆனால் திருவிழாக் கடைச் சரக்கில் ஒரு எச்சரிக்கை: 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். உறையே இல்லாமல் குவித்து விற்பதில் அந்த முத்திரையைத் தேட முடியாது. குறைந்தபட்சம் மூக்கில் வைத்துப் பாருங்கள். நல்ல சிலிகானுக்கு வாடை இருக்காது. மண்ணெண்ணெய் நெடியோ பெயின்ட் நெடியோ அடித்தால், கையில் பிசுபிசுத்தால், விட்டுவிடுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் நாலு குமிழ்த் துண்டு வேண்டவே வேண்டாம். அந்த அளவு வாய்க்குள் போகும்.

சரி, 36 என்ற எண் வகுப்புக்கு எப்படிப் பொருந்துகிறது? எண்ணுக்குப் பொருந்தாது, எழுத்துக்கு அச்சடித்தாற்போல் பொருந்தும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானே வரும்.

எண்ணுக்கு: வெட்டுங்கள்

ஒன்றாம் வகுப்புக்கு வேண்டியது பத்து. கை விரல் ஐந்தும் ஐந்துமாக இருப்பதுபோல், இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. ஆறு குமிழ் வரிசையில் எண்ணிப் பழகிய பிள்ளைக்கு ‘ஒரு வரிசை நிறைந்தால் எத்தனை’ என்பதற்குப் பதில் ஆறு என்று பதிந்துவிடும். பிறகு பத்தைக் கட்டாகப் பார்க்கச் சொன்னால் தடுமாறும். அதனால் 36 குமிழ்த் தட்டை வெட்ட வேண்டும். ஓரத்து நெடுவரிசை ஒன்றை முதலில் தனியே எடுத்துவிடுங்கள். அது ஆறு குமிழ்க் கீற்று. மிச்சம் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. அதை இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குமிழ்த் துண்டு மூன்று. மூன்று பத்து, ஓர் ஆறு; 36இல் ஒன்றுகூட வீணில்லை. ஆறு குமிழ்க் கீற்றைப் பகடையோடு வையுங்கள். பகடையில் விழுந்த எண்ணிக்கையை அழுத்துவது அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் போதுமான வேலை.

வெட்டுவதற்குத் தையல்காரர் கத்தரிக்கோல்தான் சரி. பிளேடு போட்டு இழுத்தால் சிலிகான் வளைந்து கொடுத்துக் கோணலாகப் போகும். இரண்டு குமிழுக்கு நடுவில் உள்ள தட்டைப் பகுதியின் நடுவே கோடு போகட்டும். குமிழின் விளிம்பைத் தொட்டு வெட்டினால் பத்து நாளில் அந்த இடத்தில் கிழிசல் ஆரம்பிக்கும். சிலிகானுக்கு இழுவை தாங்கும் குணம் உண்டு, கிழிசல் தாங்கும் குணம் குறைவு. ஒரு சிறு வெட்டு விழுந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். தடித்த வெளிச்சட்டம் போய்விட்டதால் துண்டு கொஞ்சம் தொளதொளக்கும். அது குறையே இல்லை, பிள்ளை கையில் பிடித்து அடியிலிருந்து விரலால் தள்ள வசதி. அந்த வசதி கழித்தலில் எவ்வளவு தேவை என்று பின்னால் வரும்.

வெட்ட மனசு வராதவர்கள் ஸ்வீட் பாக்ஸ் மூடியில் இரண்டு வரிசை, ஐந்து குமிழ் மட்டும் தெரியும்படி சன்னல் வெட்டித் தட்டின் மேல் கவிழ்த்தால் போதும். இதில் இன்னொரு லாபம்: மேசைமேல் வெறும் தட்டை வைத்து அழுத்தும்போது இறங்கிய குமிழ்கள் அடியில் முட்டித் தட்டை ஆட வைக்கும். அட்டைப் பெட்டிச் சட்டத்தில் வைத்தால் அடியில் இடம் கிடைக்கும், ஆட்டம் இருக்காது.

பாப்பிட்டே வேண்டாம், காசு இல்லை என்கிற பள்ளியிலும் பத்துச் சட்டம் கிடைக்கும். சத்துணவுக் கூடத்தில் முட்டை வரும் அட்டைத் தட்டு ஐந்துக்கு ஆறு, 30 குழி. மூன்றாக வெட்டினால் மூன்று பத்து, மிச்சமே இல்லை. முட்டை உடைந்து வழிந்த தட்டை எடுக்கக் கூடாது, துடைத்து வெயிலில் காயவைத்தாலும் சரி. கறையில்லாததை மட்டும் எடுங்கள். குழியில் போட, குடியாத்தம் பக்கம் தீப்பெட்டிக்கு வரும் மருந்து தடவாத குச்சி நல்லது. மூன்று வயசுப் பிள்ளைக்குப் புளியங்கொட்டை கொடுக்காதீர்கள், மூக்குக்குள் போடும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் கற்றுக்கொடுக்காதீர்கள். தினம் ஐந்து நிமிடம் சும்மா அழுத்தி விளையாட விடுங்கள். விடாமல் நேரே பாடத்துக்குப் போனால் அந்த ஆசை பாடம் முழுக்கக் குறுக்கே நிற்கும். மூன்றாம் நாள் ஒரே ஒரு விதி: சொல் முந்தி, விரல் பிந்தி. ஏனென்றால் இந்தப் பொம்மையின் பெரிய தொல்லை இதுதான். அழுத்துவதில் உள்ள சுகம் நாக்கைவிட வேகமாக ஓடும். ‘ஒண்ணு’ என்று சொல்வதற்குள் மூன்று குமிழ் இறங்கியிருக்கும். பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லை என்று நாம் முடிவுகட்டுவோம். உண்மையில் விரல்தான் முந்திப்போயிருக்கும். இதற்கு மருந்து, சோடி வேலை: ஒருத்தி எண்ணைச் சொல்ல வேண்டும், மற்றவன் கேட்ட பிறகே அழுத்த வேண்டும். பத்து ஆனதும் மாற்றிக்கொள்ளட்டும். இன்னொரு வழி, ‘சத்தமே வராமல் அழுத்து’ என்ற போட்டி. மெதுவாக, விரலை உருட்டி அழுத்தினால் டப் சத்தம் வராது. இது பக்கத்து வகுப்புக்கும் நிம்மதி, விரல் நுனிக் கட்டுப்பாட்டுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் இதனால் பென்சில் பிடிப்பு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது அழுத்தி வருவது இல்லை, கிள்ளி வருவது. துணி கிளிப் மாட்டுவது, மாவு கிள்ளி வைப்பது போன்ற வேலைகள் தனியே வேண்டும்.

அடுத்த குழப்பம், எதை எண்ணியாயிற்று என்பது. அழுத்திய குமிழ் பள்ளம், அழுத்தாதது மேடு. பிள்ளை சில சமயம் மேட்டை எண்ணும், சில சமயம் பள்ளத்தை எண்ணும். முதல் நாளே ‘பள்ளம்தான் எண்ணினது’ என்று சொல்லிவைத்து, எல்லாக் குமிழும் மேடாக இருக்கும்போதுதான் ஆட்டம் தொடங்க வேண்டும். ‘எத்தனை ஆச்சு?’ என்று கேட்டதும் மறுபடி அழுத்தப் போனால் கையைப் பிடிக்காமல், பள்ளத்தின் மேல் விரலை ஓட்டி எண்ணச் சொல்லுங்கள். விதையோ கல்லோ உருண்டு ஓடும். இது ஓடாது, அழுத்தியது அழுத்தியபடி நிற்கும். அந்த ஒரு குணத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

வடாற்காட்டுப் பக்கத்து வகுப்பில் இன்னொன்றும் உண்டு. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளை ஒன்றிரண்டாவது இருக்கும். அந்தப் பிள்ளை முதல் வாரம் தன் வீட்டு மொழியிலேயே எண்ணட்டும். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்குப் பிள்ளை சொல்லும்போது பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ‘எதை மூடறது?’ என்று கேட்டு முழிக்கும். அந்தச் சிரிப்பிலேயே மூன்று என்ற எண் இரண்டு மொழியிலும் ஏறிவிடும்.

பத்துக்கு எத்தனை குறை என்பதுதான் இந்தத் துண்டின் உச்ச பயன். ஏழு அழுத்தினால் மேல் வரிசை முழுசும் கீழே இரண்டும் பள்ளம், மேடு மூன்று. எண்ணாமலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குத் துண்டை இரண்டு நொடி காட்டி மறைத்துக் கேளுங்கள். ‘டீச்சர், இன்னும் மூணு கீது’ என்று பட்டென்று வந்தால் போதும். அதன் பிறகு எட்டும் ஐந்தும் கூட்டுவது: ஒரு துண்டில் எட்டு, அடுத்த துண்டில் ஐந்து. ஐந்திலிருந்து இரண்டை மேடாக்கி, எட்டில் இரண்டைப் பள்ளமாக்கினால் ஒரு பத்து, ஒரு மூன்று. இதை விரலில் செய்தால் விரல் போதாது, குச்சியில் செய்தால் கலைந்துவிடும்.

கழித்தலில்தான் நிறைய பேர் இடறுகிறார்கள். அழுத்தியதை மேடாக்க வேண்டுமானால் பின்பக்கமிருந்து அழுத்த வேண்டும். பிள்ளை தட்டைத் திருப்பும். திருப்பினால் இடது வலதாகிவிடும், பள்ளம் மேடாகத் தெரியும். 13இல் 5 போக என்பது மீதி 8க்குப் பதில் ஐந்தாகவோ ஏழாகவோ நிற்கும். கணக்குத் தெரியாமல் வந்த தப்பு இல்லை இது, கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறிப்போன தப்பு. திருப்பவே கூடாது. துண்டை இடது கையில் பிடித்து, வலது ஆள்காட்டி விரலை அடியில் விட்டுத் தள்ள வேண்டும். முழுத் தட்டில் நடுக் குமிழுக்கு விரல் எட்டாது. இரண்டு வரிசைத் துண்டில் எட்டும். வெட்டச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

நூறு குமிழ்த் தட்டு இரண்டாம் வகுப்பிலிருந்து. தமிழ் எண்ணுப்பெயர் பத்தை முதலில் சொல்லி ஒன்றைப் பின்னால் சொல்லும். இருபத்தி மூணு என்றால் முதலில் இரண்டு முழு வரிசை, பிறகு மூன்று குமிழ். சொல்லும் வரிசையும் அழுத்தும் வரிசையும் ஒன்றாகவே போகும். தொண்ணூறில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அதில் ‘நூறு’ ஒலிப்பதால் 900 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. தட்டில் ஒன்பது வரிசை நிரப்பிக் காட்டி, ‘நூறு நிறைய ஒரே வரிசைதான் பாக்கி, அதனால்தான் பேரிலேயே நூறு வந்து உட்கார்ந்திருக்கு’ என்று சொன்னால் மறக்காது.

எழுத்துக்கு: வெட்டாதீர்கள்

வல்லினம் ஆறு: க ச ட த ப ற. உயிரில் முதல் ஆறு: அ ஆ இ ஈ உ ஊ. ஆறுக்கு ஆறு முப்பத்தாறு. மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. உயிரின் அடுத்த ஆறு எ ஏ ஐ ஒ ஓ ஔ. மொத்த உயிர்மெய் 216. அதைக் குமிழாக்கினால் சரியாக ஆறு தட்டு. எங்கோ எந்த மொழியையும் நினைக்காமல் செய்த பொம்மை நம் எழுத்துக் கட்டத்துக்கு இப்படி வந்து உட்காருவது அதிர்ஷ்டம்தான்.

ஆனால் ஆறு தட்டில் எழுத்தை எழுதிவிடலாம் என்று மார்க்கரை எடுக்காதீர்கள். சிலிகானில் மை நிற்காது. கைவியர்வையும் எண்ணெயும் பட்டு ஒரு வாரத்தில் மங்கும், பிள்ளைகள் விரலெல்லாம் மை. ஸ்டிக்கரும் ஒட்டாது, ஃபெவிகால், ஃபெவிகுயிக் எதுவும் பிடிக்காது. எழுத்து தட்டில் இல்லாமல் தட்டைச் சுற்றி இருக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் இரண்டரை செ.மீ. அகலத்தில் கீற்று வெட்டுங்கள், நீளம் தட்டின் பக்க அளவு. குமிழுக்குக் குமிழ் இரண்டு செ.மீ. இடைவெளி வரும், உங்கள் தட்டில் ஸ்கேல் வைத்து அளந்து அதன்படி ஆறு கட்டம் போடுங்கள். ஒரு கீற்றில் க ச ட த ப ற, அதை இடப்பக்கம் வையுங்கள். இன்னொன்றில் அ ஆ இ ஈ உ ஊ, அதை மேல் பக்கம். கீற்றை மாற்றினால் தட்டு மாறியதுபோல். அதனால் ஆறு தட்டு வாங்கத் தேவையே இல்லை, ஒரு தட்டுக்கு ஐந்து கீற்று போதும்.

தட்டு எந்தப் பக்கம் மேல் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். மேல் இடது மூலையில் சிவப்பு நூல் கட்டுங்கள். அதற்கு ஓட்டை போட ஊசி, ஆணி கூடாது. கீறலாக விழுந்து கிழிந்துகொண்டே போகும். காகிதம் துளைக்கும் பஞ்ச் சிலிகானில் வேலை செய்யாது, மென்று துப்பும். இங்கே அதற்கு அலைய வேண்டியதில்லை. தோல் வேலை நடக்கும் ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன, செருப்பு தைப்பவரிடம் வார் துளைக்கும் உளி இருக்கும். ஒரே அடியில் ஓட்டை வட்டமாக, விளிம்பு பிசிறில்லாமல் விழும். வட்ட ஓட்டை கிழியாது.

விளையாட்டு இதுதான். நீங்கள் ‘தீ’ என்கிறீர்கள். பிள்ளை இடது கை விரலை த-வில் வைத்து வலப்பக்கம் நகர்த்தும், வலது கை விரலை ஈ-யில் வைத்துக் கீழே நகர்த்தும். இரண்டும் சந்திக்கும் குமிழை அழுத்தும். தொடக்கத்தில் இரண்டு விரலும் வேண்டும், ஒரு விரலால் தேடினால் வரிசை தாவிவிடும். இரண்டு வாரத்தில் கண்ணே போய்ச் சேரும்.

இதில் ஆசிரியருக்குக் கிடைப்பது பிள்ளைக்குக் கிடைப்பதைவிடப் பெரிது. தப்பு எந்தத் திசையில் விழுகிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் ஒரு குமிழ் தள்ளி விழுந்தால் குறில் நெடில் குழப்பம். தீ-க்குப் பதில் தி. மேலும் கீழும் விழுந்தால் மெய் கேட்கவில்லை. தீ-க்குப் பதில் டீ. கரும்பலகையில் எழுதச் சொன்னால் தப்பு என்று மட்டும் தெரியும், இங்கே எந்த இனத் தப்பு என்று தெரியும். இன்னும் சுளுவாக்க, சரியாக அழுத்தினால் ஓர் உருவம் வரும்படி எழுத்துகளைத் தேர்ந்து வையுங்கள். க, சா, டி, தீ, பு, றூ என்று ஆறும் சொன்னால் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சாய்கோடு. பதினைந்து தட்டையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் கோடு எங்கே உடைந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். ஆனால் இதே வரிசையில் சொல்லக் கூடாது. மூன்றாவது எழுத்திலேயே ‘கோடு வருது’ என்று கண்டுபிடித்துக் காதைக் கேட்காமலே கை முடித்துவிடும். பு, க, தீ, றூ, சா, டி என்று கலைத்துச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு முறை உருவமே வராத பட்டியலையும் கொடுங்கள்.

எந்தக் கீற்றில் ஆரம்பிப்பது? வல்லினம், முதல் ஆறு உயிர். மெல்லினக் கீற்றை முழுசாகப் போட்டால் ங, ஞ வரிசைகளில் பெரும்பாலான குமிழுக்குச் சொல்லே கிடைக்காது. அந்த இரண்டு வரிசையை விட்டு ண ந ம ன மட்டும் ஆடுங்கள். எ ஏ ஐ ஒ ஓ ஔ கீற்று கடைசி. கொம்பு முன்னால், கால் பின்னால் என்று எழுத்து இரண்டு பக்கமும் விரியும் குழப்பத்தைத் தட்டு தீர்க்காது, நோட்டுதான் தீர்க்கும். இடையினத்தில் ழ வரும்போது பொறுமை வேண்டும். கோழியைக் கோயி என்றும் பழத்தைப் பயம் என்றும் பேசுகிற ஊர்ப் பிள்ளை, ழ என்று நீங்கள் சொன்னதும் ய வரிசைக்கு விரலைக் கொண்டுபோவது இயல்பு. முதல் மாதம் அதைத் தப்பு என்று எண்ணாதீர்கள். ழ, ய இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காதில் ஏற்றிவிட்டு, பிறகு தட்டுக்கு வாருங்கள்.

கட்டத் தட்டில் சொல் கற்றுத் தர முயல வேண்டாம். எந்த எழுத்துகள் என்று அது காட்டும், எது முதல் எது பின் என்று காட்டாது. ‘பாடு’ அழுத்தியதும் ‘டுபா’ அழுத்தியதும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்கு நம் பத்துக் குமிழ்த் துண்டுதான். கைதட்டி எண்ணும் பிள்ளைக்குப் பட்டம் இரண்டு கைதட்டல்: பட்-டம். எழுதும்போது அதுவே நான்கு எழுத்து. இந்த இடைவெளியில்தான் புள்ளி எழுத்து தொலைந்து பட்டம் படமாகிறது. துண்டின் மேல் வரிசை உயிரும் உயிர்மெய்யும், கீழ் வரிசை புள்ளி வைத்த மெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டம்: ப மேலே, ட் கீழே, ட மேலே, ம் கீழே. படம்: ப மேலே, ட மேலே, ம் கீழே. இரண்டு துண்டையும் அருகருகே வைத்தால் எது தொலைந்தது என்று பிள்ளையே காட்டும். இலை–இல்லை, அடை–அட்டை, கடை–கட்டை எல்லாம் இப்படி ஆடலாம். மெய்க்கு அரை மாத்திரை என்பதைச் சொல்லாமலே, கீழ் வரிசைக் குமிழைத் தொட்டதும் எடுத்துவிடு, நெடிலுக்கு இரண்டு விரல் விட்டெண்ணும் நேரம் அழுத்திப் பிடி என்றால் கல்லும் காலும் பிரிந்துவிடும்.

தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். அரும்புக்குப் பத்துத் துண்டும் பகடையும், மொட்டுக்குக் கட்டத் தட்டு, மலருக்குச் சொல் துண்டு என்று பிரித்துக் கொடுத்தால் மூன்று குழுவுக்கும் கையில் வேலை இருக்கும், நீங்கள் ஒரு குழுவோடு உட்காரலாம். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பாடம் பொம்மையாகிவிடும்.

மூன்றாம் வகுப்புக்குப் பாப்பிட்டின் பழைய ஆட்டத்தையே கொடுக்கலாம். இது 2021இல் ஊரெல்லாம் பரவினாலும், இஸ்ரேலைச் சேர்ந்த விளையாட்டு வடிவமைப்பாளர்களான தியோ, ஓரா காஸ்டர் இணையர் 1970களிலேயே யோசித்தது. அவர்கள் எண்ணியது இருவர் ஆட்டம்: முறைக்கு ஒருவர் ஏதேனும் ஒரு வரிசையில் விருப்பம்போல் எத்தனை குமிழும் அழுத்தலாம், கடைசிக் குமிழை அழுத்துகிறவர் தோற்றவர். பிள்ளைகளுக்கு முதலில் பத்துக் குமிழ்த் துண்டில், முறைக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் என்று சுருக்குங்கள். இரண்டாவதாக ஆடுபவர் ‘அவன் ஒன்று என்றால் நான் இரண்டு, அவன் இரண்டு என்றால் நான் ஒன்று’ என்று ஒவ்வொரு சுற்றையும் மூன்றாக்கினால் மூன்று சுற்றில் ஒன்பது போகும், கடைசி ஒன்று முதல் ஆள் தலையில். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் ஆடவிட்டால் யாராவது ஒருத்தி கண்டுபிடித்து யாருக்கும் சொல்லாமல் ஜெயித்துக்கொண்டிருப்பாள். முழுத் தட்டில் ஆடும்போதும் இரண்டாம் ஆளுக்கே வாய்ப்பு: முதல் ஆள் செய்ததை இன்னொரு வரிசையில் அப்படியே செய்துகொண்டு வந்து, ஒற்றைக் குமிழ் வரிசைகள் மட்டும் மிஞ்சும் நேரத்தில் அவை ஒற்றைப்படையாக மிஞ்சும்படி விட வேண்டும்.

பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் இன்னொரு தட்டை மூன்று வரிசை, இரண்டு நெடுவரிசையாக வெட்டுங்கள். 36இல் ஆறு பிரெய்ல் கட்டம் கிடைக்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழ் 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. அ-வுக்கு 1 மட்டும், க-வுக்கு 1, 3. பிரெய்லில் புள்ளி மேடு, அதனால் எல்லாக் குமிழையும் முதலில் பள்ளமாக்கிவிட்டு வேண்டியதை அடியிலிருந்து தள்ள வேண்டும். இங்கேயும் திருப்பக் கூடாது. புள்ளி எண் மனப்பாடமாக மட்டுமே இது உதவும். உண்மையான பிரெய்ல் எழுத்து விரல் நுனிக்குள் அடங்கும், இது உள்ளங்கை அளவு.

மற்ற பொம்மைகள்

ஸ்பின்னர், அதாவது விரலில் பிடித்துச் சுண்டிச் சுழற்றும் பொம்மை: எங்கள் கருத்தில் வகுப்புக்கு ஆகாது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மணல்கடிகாரமாக வைக்கலாம் என்பார்கள். சுண்டும் வேகத்துக்கு ஏற்ப நேரம் மாறுவதால் அதுவும் நம்ப முடியாது. மூடி கழன்றால் உள்ளே பேரிங், விளக்கு எரியும் வகையில் பொத்தான் பேட்டரி. இரண்டும் விழுங்கினால் ஆபத்து. சின்னக் காந்த உருண்டைகளும், தண்ணீரில் ஊதும் ஜெல்லி மணிகளும் பள்ளி வாசலுக்குள்ளேயே வரக் கூடாது.

மடக்கு பாம்பு, அதாவது 24 முக்கோணக் கட்டைகள் கோத்துத் திருகும் பொம்மை, நேர்கோட்டு எழுத்துகளுக்கு நல்லது. ட ஒரு மடிப்பு, ப இரண்டு மடிப்பு. ம-வில் வளைவு வருவதால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இழுத்தால் கடகடவென்று நீளும் நெளிகுழாய் ஒன்று விற்கிறது. அதை வளைத்து ஒரு முனை வாயில், ஒரு முனை காதில் வைத்துக் கிசுகிசுத்துப் படித்தால் தன் குரல் தனக்குப் பெரிதாகக் கேட்கும். மூன்று வகுப்பு ஒரே கூடத்தில் இருக்கும் பள்ளியில் பத்துப் பேர் ஒன்றாக வாய்விட்டுப் படிக்கலாம், சத்தம் எழாது. ஒருவர் குழாயை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது என்பதால் பெயர் எழுதித் தலைக்கு ஒன்று வேண்டும். முழு நீளத்துக்கு மேல் இழுத்தால் மடிப்பில் வெடிக்கும், வெடித்த விளிம்பு உதட்டைக் கீறும்.

காப்பது

சிலிகான் வேலூர் வெயிலுக்கு அசையாது, ஆனால் சாக்பீஸ் தூளையும் முடியையும் காந்தம்போல் இழுக்கும். வாரம் ஒரு முறை பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, குமிழ்களைக் குழி கீழே பார்க்கும்படி கவிழ்த்து நிழலில் காயவையுங்கள். குழி மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைப் படலம் படியும், எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் போகும். தட்டுகளுக்கு 1 முதல் 15 வரை எண் எழுதிய துணிப் பட்டையை மூலை நூலிலேயே கட்டிவிட்டால், மணி அடிக்கும்போது எந்த எண் வரவில்லை என்று பிள்ளைகளே கத்துவார்கள்.

டப் சத்தம் பிடிக்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். வற்புறுத்தாமல் முட்டைத் தட்டைக் கொடுங்கள், கணக்கு ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொரு தட்டையும் இரு கையால் இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கடித்த பல் தடம், குமிழ் விளிம்பில் கீறல், பிய்ந்த மூலை எது இருந்தாலும் அன்றே ஒதுக்குங்கள். பிய்ந்த துண்டு தரையில் கிடைக்கவில்லை என்றால் யார் கையில் அந்தத் தட்டு இருந்தது என்று விசாரித்துவிட்டே கதவைப் பூட்ட வேண்டும். ஒதுக்கிய தட்டில் கிழிசல் படாத ஆறு குமிழ் ஒரே வரிசையில் இருந்தால் வெட்டிப் பகடையோடு சேர்க்கலாம். அதற்குக் குறைந்தால் குப்பைக்கு.